கல் மட்டும்தான் டூப்ளிகேட்

இராஜபாளையம்
11.02.2024, ஞாயிறு

தங்கச்சி பாண்டிசெல்விக்கு அக்கா செல்லத்தாய் எழுதிக்கொண்டது. நான் இங்கே ஒருவிதமாக இருக்கிறேன். அங்கே நீயும், கட்டிலோடு கிடக்கும் உன் அத்தையும், கத்தாரில் இருக்கும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா?

பன்னிரண்டு கிலோமீட்டரில் இருந்துகொண்டு அக்கா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்த மாதம் நீ மூன்று முறை போன் செய்தாய். மூன்று முறையும் நான் "சரி, சரி" என்றேன். "கால்" என்ற ஒரு சொல்லைத் தவிர நீ பேசியதில் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. காது டாக்டரிடம் போனேன். இருபத்திரண்டு வருடத் தறிச் சத்தத்தில் நரம்பு அடிபட்டுவிட்டதாம். இனிமேல் திரும்பாதாம். அதைக்கூட அவர் ஒரு தாளில் எழுதித்தான் காட்டினார். காதில் மாட்டும் மிஷின் ஒன்று வாங்கிப் பார்த்தேன். தறிக்குப் பக்கத்தில் நின்றால் அது தறியைத்தான் இன்னும் பெரிதாக்குகிறது. கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன்.

யூனிட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. அங்கே எல்லோருமே கையைக் காட்டித்தான் பேசிக்கொள்வோம். பேண்டேஜ் துணி நெய்யக் காது எதற்கு? உன்னோடு பேசுவதற்குத்தான் வழியில்லை. என்னிடம் இருப்பது பட்டன் போன், அதில் தமிழ் தட்டத் தெரியாது. பொங்கலுக்கு ஓசூரிலிருந்து வந்தபோது மகன் சிவபாண்டி பெரிய போன் வாங்கித் தருகிறேன் என்றான். இருக்கிற அசதியில் இனி ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொள்ள என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

நீ பள்ளிக்கூடத்தில் கோடு போட்ட மாதிரி எழுதுவாய். எழுது. காலுக்கு என்ன என்றும் எழுது.

உன் முகம் நினைவாகவே இருக்கும்
அக்கா செல்லத்தாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.02.2024

என் அக்காவுக்குப் பாண்டிசெல்வியின் வணக்கம். இங்கே மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் குறைவில்லை. உனக்குச் சளி, மூச்சு இளைப்பு எல்லாம் எப்படி இருக்கிறது? பஞ்சுத் தூசியில் நிற்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்கிறாயா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தையல் மிஷின் முன்னால் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று முறையும் நான் அவ்வளவு பேசினேன், அக்கா. நீ "சரி, சரி" என்றாய். போகட்டும். பெரிதாக ஒன்றுமில்லை.

கால் சங்கதி இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் கல்யாண நாளுக்கு அவர் கத்தாரிலிருந்து வாங்கிவந்த மெட்டி இருக்கிறதே, வெள்ளைத் தங்கம், அதைச் சுற்றித் தோல் சிவந்து அரிக்கிறது. இடது காலில் அதிகம். மிஷின் மிதிக்கும்போது எரிகிறது. அன்றைக்கு நீ வந்திருந்தாய், நினைவிருக்கும். ஒவ்வொரு மெட்டியிலும் ஏழு கல். "இடுப்புக்குக் கீழ தங்கம் போட்டா லச்சுமிய மிதிக்க மாதிரில்லாலே" என்று அத்தை சத்தம் போட்டார்கள். அதற்கு அவர், "பாக்கதுக்கு வெள்ளிதானம்மா, யாருக்குத் தெரியப் போவுது. தங்கம் ஒரிஜினல், கல்லு மட்டுந்தான் டூப்ளிகேட்" என்று சொல்லிச் சிரித்தார். தெருவில் எல்லோரும் வைரமா வைரமா என்று கேட்டபோது நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அத்தைக்கு வாதம் அடித்த வலது கை இன்னும் எழவில்லை. பேச்சு நன்றாகத் தெளிந்துவிட்டது. அவர் சுகம். வெள்ளிக்கிழமைதோறும் தோஹாவிலிருந்து பேசுகிறார். உன்னையும் விசாரித்தார்.

இப்படிக்கு
உன் பாண்டி


இராஜபாளையம்
03.03.2024, ஞாயிறு

பாண்டிசெல்வி தாயி, இங்கே சுகம். அங்கே எல்லோருக்கும் சுகம் என்றுதான் நீ எழுதுவாய். இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்.

அரிக்கிற மெட்டியைப் போட்டுக்கொண்டு இருக்க உனக்கு என்ன தலையெழுத்து? கழற்றி வை. கடையில் வெள்ளி மெட்டி வாங்கிப் போட்டுக்கொள். மெட்டி போட்ட மாதிரியும் ஆயிற்று, தோலும் தப்பிக்கும்.

இதோடு புண்ணில் வைத்துக் கட்டும் காஸ் துணி ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். ஓரம் பிரிந்ததால் ஒதுக்கிய துணி. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். இது சலவை ஆனதுதான், ஆனால் ஆஸ்பத்திரித் துணிபோல் கிருமி எடுத்தது இல்லை. வெந்நீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, அதற்குப் பிறகு சுற்று.

"அன்றைக்கு நீ வந்திருந்தாய்" என்று எழுதியிருக்கிறாய். வந்திருந்தேன். மெட்டி நகர்ந்து பக்கவாட்டில் திரும்பியிருந்தது, சரிசெய்யலாம் என்று குனிந்தேன். உன் அத்தை, "நீ தொடாத தாயி, தாலி அறுத்தவ, செத்த தள்ளி நில்லு" என்றார்கள். எனக்கு அப்போது காது நன்றாகக் கேட்கும். நீயும் கேட்டாய், தலையைக் குனிந்துகொண்டாய். அதற்குப் பிறகு நான் உன் வாசல் மிதிக்கவில்லை. உன்மேல் கோபம் இருக்கிறதா என்றால், இப்போது அதற்கும் தெம்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் காலை நீட்டிப் படுக்கக் கிடைக்கிறது.

மெட்டியைக் கழற்றிவிட்டு எழுது.

அக்கா


ஸ்ரீவில்லிபுத்தூர்
09.04.2024

அக்காவுக்கு, நானும் அத்தையும் சுகம். நீயும் சிவபாண்டியும் சுகந்தானே? பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. கோடை விடுமுறைக் கல்யாணங்களுக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறார்கள், குனிந்த தலை நிமிர முடியவில்லை.

உன் துணியைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். மெட்டியைக் கழற்றவில்லை. கழற்ற முடியவில்லை என்பதுதான் சரி. வலது கால் மெட்டி கொஞ்சம் அசைகிறது. இடது காலில் விரல் வீங்கி மெட்டி உள்ளே பதிந்துவிட்டது. சோப்புப் போட்டும் பார்த்தேன், எண்ணெய் போட்டும் பார்த்தேன்.

நான் அதை முறுக்கிக்கொண்டிருந்ததை அத்தை கட்டிலிலிருந்து பார்த்துவிட்டார்கள். "ஏட்டி, என்ன செய்யுத? எம் மவன் போட்டுவிட்டது. அவன் கையாலதான் கழத்தணும்" என்றார்கள். லட்சுமியை மிதிக்காதே என்று சண்டை போட்டவர்கள்தான். இப்போது காலையில் கண் விழித்ததும் முதலில் என் காலைத்தான் பார்க்கிறார்கள். நான் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிவிட்டுக் காப்பி போடப் போகிறேன்.

வெயில் இப்போதே தாங்கவில்லை. நீ தண்ணீர் நிறையக் குடி.

பாண்டிசெல்வி


இராஜபாளையம்
14.04.2024, ஞாயிறு

தங்கச்சிக்கு, புது வருடம் பிறந்திருக்கிறது. உனக்கு இந்த வருடமாவது கொஞ்சம் உட்கார நேரம் கிடைக்கட்டும். நான் சுகம்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "நானும் அத்தையும் சுகம்" என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை எங்கே? மறந்திருப்பாய் என்று நினைத்துக் கடைசி வரி வரைக்கும் தேடினேன். இல்லை.

இன்னொன்று. எழுதலாமா கூடாதா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். எங்கள் யூனிட்டில் துணிப் பேல் கட்டும் கண்ணுச்சாமி ஒரு விசேஷத்துக்குத் திருப்பூர் போய்விட்டு வந்தார். அங்கே பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளை மாதிரி ஒருவரைப் பார்த்தாராம். கூட ஒரு பெண்ணாம், இடுப்பில் குழந்தையாம். இவரைக் கண்டதும் அவர் திரும்பிக்கொண்டாராம். கண்ணுச்சாமி இதை என் முன்னால் நின்று வாயசைத்துச் சொன்னார். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னேன். எழுதிக் கொடுத்தார்.

ஆள் மாறியிருக்கலாம். கண்ணுச்சாமி கண்ணாடி போடுகிறவர்தான். அது வேறு ஆள்தான் என்று நீ ஒரு வரி எழுதிவிட்டால் எனக்குப் போதும்.

அக்கா செல்லத்தாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
02.06.2024

அன்புள்ள அக்காவுக்கு, நலம். உன் நலமும் அதுவாகட்டும்.

பதில் போடத் தாமதமாகிவிட்டது. ஊரெல்லாம் அனல். அத்தைக்கு முதுகில் படுக்கைப்புண் வந்துவிடும்போல் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்கிறேன். அடுத்த தெருவில் இருக்கும் நர்ஸ் ஹெப்சிபா அக்கா வாரம் இரண்டு நாள் வந்து அத்தையின் கையை நீட்டி மடக்கிவிட்டுப் போகிறார்கள். நல்ல மனுஷி. சத்தமே இல்லாமல் வேலை செய்வார்கள்.

மின்சாரம் அடிக்கடி போகிறது. ஊக்கு, நூல்கண்டு எல்லாம் விலை ஏறிவிட்டது. இடது கால் விரலில் கொஞ்சம் சீழ் வைத்திருக்கிறது. மஞ்சள் போட்டிருக்கிறேன். வலி இல்லை. வலி இல்லாததுதான் ஆச்சரியம்.

நீ கேட்டதற்கு எழுத ஒன்றும் இல்லை.

காஸ் துணி தீர்ந்துவிட்டது. இருந்தால் அனுப்பு.

பாண்டிசெல்வி


இராஜபாளையம்
09.06.2024, ஞாயிறு

பாண்டி, சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேராகவே எழுதுகிறேன்.

மாப்பிள்ளையைப் பற்றி இனி நான் கேட்க மாட்டேன். ஏழு வாரம் கழித்து வந்த பதிலில் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. நான் கேட்பது விரலைப் பற்றி மட்டும். சீழ் வைத்தும் வலிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நம் அம்மாவுக்கும் வலிக்கவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் வலி தெரியாது என்று அம்மா படுத்த பிறகுதான் நமக்குச் சொன்னார்கள். நீ சர்க்கரை பார்த்தாயா?

என் மெட்டியைக் கழற்றிய நாளை உனக்குச் சொன்னதில்லை. உன் அத்தானைப் புதைத்த பதினாறாம் நாள், ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தி என் காலைப் பிடித்தாள், ஒருத்தி உருவினாள். இடது கால் மெட்டி வரவில்லை. ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். தோல் உரிந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு அத்தான் போனதைவிட அந்த விரல்தான் வலித்தது. அதை நினைத்துப் பல வருடம் வெட்கப்பட்டிருக்கிறேன். ஆனால் மறுநாள் எழுந்து தறிக்குப் போனேன். மெட்டி இல்லாத கால் தரையில் நன்றாகத்தான் ஊன்றியது.

நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. காஸ் துணி அனுப்ப மாட்டேன். அனுப்பினால் அதைச் சுற்றிக்கொண்டு இன்னும் ஒரு மாதம் உட்கார்ந்திருப்பாய்.

செல்லத்தாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
27.06.2024

அக்கா, நீ எப்படி இருக்கிறாய்? உடம்பைப் பார்த்துக்கொள். நான் இப்போது படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருக்கும்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு ஹெப்சிபா அக்காவிடம் காலைக் காட்டினேன். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு கைவிரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். முந்நூற்றுப் பத்து. "மொதல்ல இந்த மோதிரம் கணக்கா கெடக்கத வெட்டணும். ஆசாரியக் கூட்டிட்டு வாரேன்" என்று போனார்கள்.

சீனிச்சாமி ஆசாரி ஒரு சின்னக் கத்திரியோடு வந்தார். அத்தை கட்டிலிலிருந்தபடி, "வெட்டாதட்டி, எம் மவன் உசுரோட இருக்கான்" என்று அழ ஆரம்பித்தார்கள். எனக்குக் களைப்பாக இருந்தது, அக்கா. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இருக்காவ அத்தை. திருப்பூர்ல இருக்காவ."

ஆசாரியின் கை நின்றுவிட்டது. அத்தையின் அழுகையும் நின்றுவிட்டது. அத்தை சொன்னார்கள்:

"தெரியும்ட்டி. பங்குனியிலயே எனக்குப் போன் பண்ணிட்டான். அந்தப் பிள்ளைக்கு ரெண்டு வயசாம்."

"தெரிஞ்சுதான் கழத்த விடலயா?"

"சொன்னா நீ போயிருவ. அது ஒன் கால்ல கெடக்க மட்டுந்தான் நீ எனக்கு மருமவ. நீயும் போயிட்டா எனக்கு யாரு தண்ணி தருவா?"

நான் அத்தையிடம் மறைத்தேன், அவர்கள் தாங்க மாட்டார்கள் என்று. அவர்கள் என்னிடம் மறைத்தார்கள், நான் போய்விடுவேன் என்று. ஒரே வீட்டுக்குள் மூன்று மாதம் இரண்டு பேரும் ஒரே பொய்யைக் காவல் காத்திருக்கிறோம். தினமும் காலையில் நான் சேலையைத் தூக்கிக் காட்டியது அதற்குத்தான்.

அத்தையே ஆசாரியைப் பார்த்து, "வெட்டுங்க" என்றார்கள். இரண்டு காலிலும் வெட்டியாயிற்று. ஆசாரி துண்டுகளை உரசிப் பார்த்தார். "தங்கம் அசல்தாம்மா. வெள்ளையா வாரதுக்கு நிக்கல் கலப்பாங்க, சில ஒடம்புக்கு அது ஆகாது. கல்லுதான் சும்மா" என்றார். என்னைக் கட்டியவர் சொன்னதெல்லாம் பொய் என்று நினைத்துக்கொண்டால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மெட்டியைப் பற்றிச் சொன்னது உண்மைதான்.

தை மாதமே கத்தாரை முடித்துக்கொண்டு வந்துவிட்டாராம். அதற்கு முந்தைய விடுமுறைகளில் பாதி நாள் திருப்பூரில்தான் இருந்திருக்கிறார். "இனி வரமாட்டேன்" என்று போனில் சொன்னார். அதைத்தான் உனக்கு மூன்று முறை சொன்னேன், அக்கா. நீ "சரி, சரி" என்றாய். அக்காவே இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்கிறாள், அப்படியானால் இது தாங்கக்கூடியதுதான் போல என்று நினைத்துக்கொண்டேன். உனக்குக் கேட்கவே இல்லை என்று கடிதம் வந்த பிறகு, அதையெல்லாம் எழுத்தில் எழுதக் கை வரவில்லை. வெள்ளிக்கிழமை பேசுகிறார் என்று எழுதிவிட்டேன்.

இடது விரல் கறுத்துவிட்டது. திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். அத்தையை யாரிடம் விடுவது என்றுதான் தெரியவில்லை. உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை.

பாண்டி


இராஜபாளையம்
04.08.2024, ஞாயிறு

தங்கச்சிக்கு, நேற்று சாயங்காலம் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். ஊசி தவறாமல் போடுகிறாயா? புண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்கிறாயா? இன்றைக்குப் பூராவும் தூங்கினேன்.

முப்பது நாளுக்கு மேல் உன்னோடு இருந்தும் நாம் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. நீ பேசினால் எனக்குக் கேட்காது, எழுத உனக்குத் தெம்பு இல்லை. விரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அவர் வாயை நான் பார்க்கவில்லை. உன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நீ அழவில்லை. தலையை ஆட்டினாய், ஜாக்கெட் அளவு சொன்னால் ஆட்டுவாயே, அந்த மாதிரி.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது பகலில் ஹெப்சிபாவை உன் அருகில் இருக்கச் சொல்லிவிட்டு உன் அத்தையைப் பார்க்கப் போவேன் அல்லவா, அதில் ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. முதல் நாள் அவர்களைக் குளிப்பாட்டி உடம்பு துடைத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேசினார்கள். அழுதார்கள். என் கால் பக்கம் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார்கள். மன்னிப்பாகத்தான் இருக்கும். எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. எனக்குக் காது கேட்காது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. "சரி, சரி" என்றேன். அன்றைக்கு அவர்கள் ஒரு தட்டுக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

இப்போது உனக்கு ஒன்று சொல்கிறேன். இங்கே வந்துவிடு. என் வீடு ஒரே அறைதான், இரண்டு பேர் படுக்கலாம். யூனிட்டில் காஸ் மடித்து அடுக்கும் வேலை இருக்கிறது, உட்கார்ந்தே செய்யலாம். மேஸ்திரியிடம் பேசிவிட்டேன். முப்பத்தாறு வயதில் நீ யாருடைய அம்மாவுக்குப் படுக்கை மாற்றிக்கொண்டிருக்கிறாய்?

யோசித்து எழுது.

செல்லத்தாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
29.08.2024

அக்காவுக்கு, சர்க்கரை நூற்றெண்பதுக்கு இறங்கியிருக்கிறது. புண் ஆறிக்கொண்டு வருகிறது. நீ இங்கே நின்ற நாட்களுக்குச் சம்பளம் பிடித்திருப்பார்கள். அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை.

நடக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஒரு விரல்தானே என்று நினைத்தேன். அது இல்லாமல் பக்கத்து விரல்கள் சாய்கின்றன, உடம்பு கொஞ்சம் ஒரு பக்கம் இழுக்கிறது. தையல் மிஷினுக்கு மோட்டார் மாட்டியாயிற்று. வலது காலால் லேசாக அழுத்தினால் போதும். சத்தம் கூடுதல்.

நீ கூப்பிட்டதை யோசித்தேன். வரத்தான் ஆசை. ஆனால் அத்தையை எங்கே விடுவது? நானே காரணம் தேடுகிறேனோ என்றும் தோன்றுகிறது. இந்த வீடு மாமா கட்டியது, அத்தை பெயரில் இருக்கிறது. இங்கிருந்து என்னை யாரும் போகச் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் போகட்டும், அக்கா.

பாண்டிசெல்வி


இராஜபாளையம்
06.10.2024, ஞாயிறு

பாண்டிக்கு, நலம். உன் நலத்துக்கு எழுது.

கொஞ்ச நாள் போகட்டும் என்றாய். நாற்பது நாள் போய்விட்டது. உன் அத்தையைப் பார்த்துக்கொள்ள அவர்கள் பெற்ற மகன் இருக்கிறான். திருப்பூர் ஒன்றும் கத்தார் இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ என்று நீ ஒரு தடவையாவது அவனிடம் சொன்னாயா? சொல்லிவிட்டு, அதற்கு அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுது. அதற்கு மேல் நான் வற்புறுத்த மாட்டேன். எனக்கும் வயதாகிறது. ஒரே ஆளாகப் பேசிக்கொண்டிருக்க அலுப்பாக இருக்கிறது.

அக்கா


ஸ்ரீவில்லிபுத்தூர்
14.11.2024

அன்புள்ள அக்காவுக்கு, நானும் அத்தையும் சுகம். புண் முழுவதும் ஆறிவிட்டது. மழைக்காலம், தலையில் ஈரத்தோடு தறிக்குப் போகாதே.

உன் கடிதம் வந்ததும் அவருக்குப் போன் செய்தேன். அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும், வாருங்கள் என்றேன். நேற்று முன்தினம் வந்தார்.

காலை பத்து மணி இருக்கும். நான் மிஷினில் இருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மெலிந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறையில் காகிதங்கள். அம்மாவைப் பார்த்தார், அத்தை கண்ணை மூடிக்கொண்டார்கள். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்க்க முடியாமலோ என்னவோ, கீழே பார்த்தார்.

"மெட்டிய எங்க?" என்று கேட்டார்.

"வெட்டி எடுத்தாச்சு."

"தங்கத்தப் போயி வெட்டுவாகளா? கழத்தி வைக்கக் கூடாதா?"

நான் மிஷினை நிறுத்தினேன். கட்டிலிலிருந்து அத்தைதான் பேசினார்கள். கண்ணைத் திறக்கவில்லை.

"ஏலே, வெரல எண்ணிப் பாரு."

அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் குனிந்து பார்த்தார். உண்மையாகவே எண்ணினார், அக்கா. உதடு அசைந்ததை நான் பார்த்தேன். நாலில் நின்றுவிட்டது. அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். "எனக்கு யாரும் சொல்லலயே" என்றார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். அவரைத் திட்ட வேண்டும் என்று ஒன்பது மாதமாகச் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளைத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அடித்துப் போட்டாற்போல் அசதியாக இருந்தது.

காகிதம், இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதற்கு. அந்தக் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமாம், எல்லாம் முறையாக இருக்க வேண்டுமாம். "வச்சிட்டுப் போங்க. படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுதேன். கோர்ட்டு இங்கதான இருக்கு" என்றேன்.

பிறகு நீ எழுதியதைக் கேட்டேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா என்று. அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. "வாம்மா" என்றார். நிஜமாகத்தான் கூப்பிட்டார். அத்தை, "அந்த வீட்டுல நான் யாரு மொகத்தப் பாத்துத் தண்ணி கேப்பேன்? நீ போ" என்றார்கள். தலையணைக்கு அடியிலிருந்து வெட்டின மெட்டித் துண்டுகளை இடது கையால் எடுத்து நீட்டினார்கள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. மத்தியானம் சாப்பிடாமல் மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டார்.

துண்டுகளை நேற்று சீனிச்சாமி ஆசாரியிடம் போட்டுவிட்டேன். கல்லை அவரே பெயர்த்துக் குப்பையில் தட்டினார். காகிதத்தை வக்கீல் ஒருவர் படித்துப் பார்த்தார், கையெழுத்துப் போடலாம் என்றார். இன்று காலை போட்டேன்.

அக்கா, நான் அங்கே வரவில்லை. இன்னொரு வீட்டில் இன்னொரு அடுப்பை மூட்டிப் பழகும் தெம்பு எனக்கு இல்லை. நான் இங்கேயே இருப்பதை நல்ல குணம் என்று யாராவது சொன்னால் எரிச்சல்தான் வரும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெப்சிபா அக்கா அத்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு உன்னிடம் வருகிறேன். நீ தூங்கு, நான் சமைக்கிறேன்.

மத்தியானம் நான் கையெழுத்துப் போட்டதை அத்தையிடம் சொன்னேன். அவர்கள் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கேட்டார்கள்:

"கோர்ட்டுல தீந்த பொறவு நான் ஒனக்கு யாருட்டி?"

நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். கரண்டியில் எடுத்து உதட்டில் சூடு பார்த்தேன்.

"வாயத் தொறங்க, அத்தை" என்றேன்.

உன் தங்கச்சி
பாண்டிசெல்வி